லாரி வாடகைக் கணக்கு ஈஆர்பிக்குள்ளேயா, தனி மென்பொருளிலா?

ஈஆர்பி (கம்பெனியின் எல்லாப் பிரிவுகளின் கணக்கையும் ஒரே இடத்தில் ஓட்டும் மென்பொருள்) போட்டு இரண்டு மூன்று வருடம் ஆன உற்பத்திக் கம்பெனிகளில் இந்தக் கேள்வி தவறாமல் வரும். விற்பனை, கையிருப்பு, பில், ஜிஎஸ்டி எல்லாம் ஈஆர்பியில் ஓடுகின்றன. லாரி ஏற்பாடு மட்டும் டெஸ்பாட்ச் ஆபீசில் ஒரு எக்செல், ஒரு வாட்ஸ்அப் குரூப், ஒரு நீள நோட்டு என்று தனியாக நிற்கிறது. அதை ஈஆர்பியோடு வரும் போக்குவரத்து மாட்யூலுக்குள் கொண்டுவருவதா, டிஎம்எஸ் (போக்குவரத்து மேலாண்மை) என்று தனியாக விற்கும் மென்பொருளை வாங்கி ஈஆர்பியோடு இணைப்பதா?

இரண்டு பக்க விற்பனையாளர்களும் ஏறக்குறைய ஒரே அட்டவணையைத்தான் காட்டுவார்கள். லோடு திட்டம், வாடகைக் கணக்கு, டிராக்கிங், பிஓடி (சரக்கு சேர்ந்ததற்கான கையெழுத்துச் சான்று), பில் சரிபார்ப்பு என்று எல்லாக் கட்டத்திலும் டிக் இருக்கும். அதை நம்பி வாங்கிய இடங்களில் ஆறு மாதத்தில் எக்செல் திரும்பி வந்துவிடுகிறது. போக்குவரத்து வேலையில் பாதி கம்பெனிக்கு உள்ளே நடக்கிறது: எந்த ஆர்டர், எந்தக் குடோன், எத்தனை கிலோ, எந்த லெட்ஜர், எந்த வரி. மறுபாதி வெளியே நடக்கிறது: லாரி புக்கிங் ஆபீஸ், புரோக்கர், டிரைவர், டோல்கேட், வாடிக்கையாளரின் கேட். உள்பாதியில் ஈஆர்பியின் சொந்த மாட்யூலை வெளி மென்பொருள் மிஞ்சுவது கடினம். வெளிபாதியில் ஈஆர்பி மாட்யூலுக்குக் கையும் காலும் குறைவு. உங்கள் பணம் எந்தப் பாதியில் கசிகிறது என்று தெரிந்தால் முடிவில் முக்கால்வாசி வந்துவிடும்.

அதைத் தெரிந்துகொள்ள டெமோ தேவையில்லை. போன மூன்று மாத டிரான்ஸ்போர்ட் பில்களில் 200 பில்லைக் கலந்து எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் பேசிய வாடகை, பில்லில் வந்த வாடகை, வித்தியாசத்துக்குக் காரணம் ஆகியவற்றை எழுதுங்கள். பக்கத்திலேயே நான்கு தேதிகள்: வண்டி கேட்ட நாள், வண்டி வந்து நின்ற நாள், சரக்கு இறங்கிய நாள், கையெழுத்துப் போட்ட எல்ஆர் (லாரி ரசீது) திரும்பி வந்த நாள். இரண்டு பேருக்கு ஒரு வார வேலை. வித்தியாசம் பெரும்பாலும் தவறான ரேட், தவறான எடை, ஒரே எல்ஆருக்கு இரண்டு பில் என்று வந்தால் கசிவு உள்ளே. ஹால்டிங் சார்ஜ் (வண்டி காத்து நிற்பதற்கான கட்டணம்), வண்டி வரத் தாமதம், பிஓடி தொலைவது, இ-வே பில் (சரக்கு போக ஆன்லைனில் எடுக்கும் ஜிஎஸ்டி ஆவணம்) காலாவதி என்று வந்தால் கசிவு வெளியே.

உள்ளே ஏற்கெனவே என்ன இருக்கிறது

எஸ்ஏபி எஸ்/4ஹானாவில் 1709 பதிப்பிலிருந்து டிஎம் (போக்குவரத்து மாட்யூல்) உள்ளேயே வருகிறது. ஆனால் அது அடிப்படை, மேம்பட்டது என்று இரண்டு படி. அடிப்படைப் பகுதி மூல உரிமத்தில் அடங்கும். வண்டியையும் வழியையும் தானே பொருத்தும் ஆப்டிமைசர் போன்றவை மேம்பட்ட பகுதி, அதற்குத் தனி உரிமம். ‘டிஎம் உள்ளேயே இருக்கு சார்’ என்று யாராவது சொன்னால் எந்தப் பகுதி என்பதை எழுத்தில் வாங்குங்கள். டெலிவரியிலிருந்து ஃப்ரைட் யூனிட் (ஒன்றாக அனுப்ப வேண்டிய சரக்கு), அதிலிருந்து ஃப்ரைட் ஆர்டர் (டிரான்ஸ்போர்ட்டருக்கான ஆர்டர்), அதில் வாடகைக் கணக்கு, பிறகு செட்டில்மென்ட் ஆவணம், கடைசியில் பில் சரிபார்ப்பு என்று சங்கிலி அறுபடாமல் கணக்குப் பிரிவு வரை போவதுதான் இதன் பலம். எஸ்ஏபியின் பழைய பதிப்பான இசிசியில் எல்இ-டிரா என்ற போக்குவரத்துப் பகுதியை வைத்து ஓட்டுகிறவர்கள் அதில் புதிதாகப் பணம் போட வேண்டாம். இசிசியின் முதன்மைப் பராமரிப்பே 2027 இறுதியோடு முடிகிறது.

மைக்ரோசாஃப்ட் டைனமிக்ஸ் 365 சப்ளை செயினில் இருக்கும் போக்குவரத்து மாட்யூல் 2014-இல் அதன் முந்தைய பதிப்பான ஏஎக்ஸ் 2012 ஆர்3-உடன் வந்தது. ரேட், பயண நாள், தூரம் ஒவ்வொன்றுக்கும் ‘எஞ்சின்’ என்று தனித்தனித் துண்டுகள். எடைப் படிகள், வழிகள் வைத்து ரேட் போடுவது உள்ளமைப்பிலேயே முடியும். உங்கள் டிரான்ஸ்போர்ட்டரின் விசித்திரமான சூத்திரம் அதில் அடங்காவிட்டால் டாட்நெட்டில் நிரல் எழுதி ஒரு எஞ்சின் கட்ட வேண்டும். டிரான்ஸ்போர்ட்டரின் கணினியோடு நேரடியாகப் பேசுவதற்கும் அதே கதிதான். இந்த மாட்யூலில் மெச்ச வேண்டியது பில் சரிபார்ப்பு: லோடு அனுப்பியதும் ஈஆர்பியே ஒரு எதிர்பார்ப்பு பில் போடுகிறது. டிரான்ஸ்போர்ட்டரின் பில் வந்ததும் இரண்டையும் ஒப்பிட்டு, நீங்கள் வைத்த வரம்புக்கு மேல் வித்தியாசம் இருந்தால் காரணக் குறியீடு கேட்டு நிறுத்துகிறது.

ஈஆர்பிநெக்ஸ்ட்டில் டெலிவரி டிரிப் உண்டு. பல டெலிவரி நோட்டுகளை ஒரு வண்டியில், ஒரு டிரைவரிடம் சேர்த்து, கூகுள் மேப் துணையோடு இறங்கும் இடங்களை வரிசைப்படுத்தும். சொந்த வண்டியில் சுற்றுவட்டாரக் கடைகளுக்குப் போடும் விநியோகஸ்தருக்கு இது நன்றாகவே பொருந்தும். டிரான்ஸ்போர்ட்டர் ஒப்பந்த ரேட்டை வைத்து அவர் பில்லைச் சரிபார்க்கும் ஏற்பாடு அதில் இல்லை, எழுதிக்கொள்ள வேண்டும். ஒடூவில் ஷிப்ராக்கெட் இணைப்பு இருக்கிறது. அது சிறு பார்சலுக்கு, 32 அடி கன்டெய்னர் லாரிக்கு உதவாது. டேலியில் டெஸ்பாட்ச் விவரத் திரையில் ‘யார் மூலம்’, எல்ஆர் எண், வண்டி எண், சேருமிடம் எழுதலாம், இ-வே பில் எடுக்கலாம். அதற்கு மேல் போக்குவரத்து என்று எதுவும் கிடையாது. டேலி வைத்திருப்பவருக்கு ‘உள்ளமைந்தது’ என்ற வாய்ப்பே இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

வெளியில் கிடைப்பவை

இந்தியாவில் ஷிப்சி, ஃபார்ஐ, லோகஸ், ஃப்ரைட் டைகர், ஃப்ளீட்எக்ஸ் போன்றவை புழக்கத்தில் இருக்கின்றன. வெளிநாட்டில் ஆரக்கிள் டிஎம், ப்ளூ யாண்டர், மன்ஹாட்டன் என்று பெரிய பட்டியல். இவற்றை ஒரே தட்டில் வைத்து எடைபோட வேண்டாம். ஒவ்வொன்றும் ஒரு வேலையிலிருந்து வளர்ந்தது. வீட்டு வாசல் டெலிவரியிலிருந்து வளர்ந்த மென்பொருளில் டிரைவர் ஆப்பும் வழி வரிசையும் பிரமாதமாக இருக்கும், ஃபுல் லோடு லாரிக்கு ஏலம் விடும் பகுதி மெல்லியதாக இருக்கும். வண்டி ஜிபிஎஸ்ஸிலிருந்து வளர்ந்ததில் வரைபடம் அழகாக இருக்கும், வாடகை பில் பகுதி பெயருக்கு இருக்கும். ‘உங்கள் முதல் ஐந்து வாடிக்கையாளர்கள் என்ன அனுப்புகிறவர்கள்?’ என்று கேட்டால் வேர் தெரிந்துவிடும்.

உரிமையாளர் மாறுவதும் இந்தத் துறையில் சாதாரணம். ஆரக்கிளின் டிஎம்மே 2005-இல் ஜி-லாக் என்ற நிறுவனத்தை வாங்கியதால் வந்ததுதான். 2025-இல் இ2ஓபனை ஆஸ்திரேலியாவின் வைஸ்டெக் வாங்கியது. மெர்க்குரிகேட் இப்போது இன்ஃபியோஸ் என்ற பெயரின் கீழ் இருக்கிறது. வாங்கியவர் உங்கள் ஈஆர்பிக்கான இணைப்பைத் தொடர்ந்து பராமரிப்பார் என்ற உறுதி ஒப்பந்தத்தில் இருந்தால்தான் உண்டு.

பணம் போகும் இடம்: பில் சரிபார்ப்பு

ஒரு பார்ட் லோடு (லாரியின் ஒரு பகுதியை மட்டும் பிடிக்கும் சரக்கு) பில்லை எடுத்துக்கொள்வோம். கோவையிலிருந்து புனேக்கு 120 அட்டைப்பெட்டி. ஒரு பெட்டி 60×45×40 செ.மீ., எடை 22 கிலோ. பெட்டி பெரிது, எடை குறைவு என்பதால் டிரான்ஸ்போர்ட்டர் கன அளவு எடைக்கு பில் போடுவார். நீளம், அகலம், உயரத்தைப் பெருக்கினால் 1,08,000 கன செ.மீ. ஒரு கன அடிக்கு 10 கிலோ என்று ஒப்பந்தம். ஒரு கன அடி என்பது 28,317 கன செ.மீ. அதன்படி ஒரு பெட்டி 38.14 கிலோ, மொத்தம் சுமார் 4,577 கிலோ. ஆனால் இந்தத் தொழிலில் 27,000-ஆல் வகுப்பதும் பரவலான வழக்கம். அப்படிப் போட்டால் ஒரு பெட்டி 40 கிலோ, மொத்தம் 4,800 கிலோ. கிலோ 9 ரூபாய் என்று வைத்தால் 43,200 ரூபாய் ஆகும். சரியான கன அடியில் 41,191-தான் வர வேண்டும். ஒரே எல்ஆரில் 2,000 ரூபாய் வித்தியாசம். யாரும் ஏமாற்றவில்லை, வகுக்கும் எண் ஒப்பந்தத்தில் எழுதப்படவில்லை, அவ்வளவுதான். இதற்கு மேல் டாக்கெட் சார்ஜ் (ஒவ்வொரு புக்கிங்குக்கும் போடும் கட்டணம்), சரக்கு மதிப்பின் மீது வரும் எஃப்ஓவி, எரிபொருள் சர்சார்ஜ், ஊருக்கு வெளியே இருந்தால் ஓடிஏ, குறைந்தபட்ச எடை என்று வரிசையாக வரும்.

இந்த இடத்தில் இரண்டு வழிகளும் எப்படி வேறுபடுகின்றன? ஈஆர்பி மாட்யூலில் பெட்டியின் அளவும் எடையும் பொருள் மாஸ்டரிலிருந்து (பொருள் விவரப் பட்டியல்) நேராக வரும். பில் எண்ணோடும் டெலிவரியோடும் தானாகக் கட்டுண்டிருக்கும். கணக்கீட்டை மட்டும் யாராவது ஒருமுறை உட்கார்ந்து அமைக்க வேண்டும். அதற்கு ஆலோசகர் நாள்கூலி ஆகும். டிரான்ஸ்போர்ட்டர் ஒவ்வொருவருக்கும் சூத்திரம் வேறு என்றால் அந்தச் செலவு அடுக்கிக்கொண்டே போகும். வெளி டிஎம்எஸ்ஸில் இந்தச் சூத்திரங்கள் பெரும்பாலும் தயாராக இருக்கும், டிரான்ஸ்போர்ட்டரே உள்ளே வந்து பில்லை ஏற்றுவார், பில் சண்டையும் அங்கேயே நடந்து முடியும். ஆனால் அதற்குப் பெட்டி அளவு நீங்கள் அனுப்பினால்தான் தெரியும். ஈஆர்பியில் எடைக் கட்டம் பூஜ்யமாக இருந்தால் டிஎம்எஸ்ஸிலும் பூஜ்யம்தான். பம்ப்செட், வெட் கிரைண்டர் போன்ற பொருள்களில் மாஸ்டரில் வெறும் பொருளின் எடை மட்டும் இருக்கும். மரச்சட்டம், அட்டை சேர்ந்த மொத்த எடை இருக்காது. எதை வாங்கினாலும் முதல் வேலை, அதிகம் விற்கும் 100 பொருளையாவது தராசில் ஏற்றி, டேப் வைத்து அளந்து மாஸ்டரைத் திருத்துவது.

வரிப் பகுதியில் ஈஆர்பிக்குத்தான் தெளிவான சாதகம். ஒரே கம்பெனிக்கு மூன்று வகை டிரான்ஸ்போர்ட்டர்கள் வருவார்கள்: எல்ஆர் போட்டு 5% வரியை நம் தலையில் ஆர்சிஎம் (சேவை வாங்குகிறவரே வரி கட்டும்) முறையில் விடுகிறவர், 18% வரியைத் தாமே பில்லில் போட்டு வசூலிக்கிறவர், எல்ஆரே போடாத ஒற்றை லாரி உரிமையாளர். ஆர்சிஎம் வரியை ரொக்க லெட்ஜரிலிருந்துதான் கட்ட வேண்டும், உள்ளீட்டு வரவிலிருந்து கழிக்க முடியாது. டிடிஎஸ்ஸிலும் பிரிவு உண்டு: பத்து அல்லது அதற்குக் குறைந்த வண்டிகள் வைத்திருப்பவர் பான் எண்ணோடு உறுதிமொழி தந்தால் பிடித்தம் இல்லை. இந்தக் குறிகளெல்லாம் ஈஆர்பியின் வெண்டர் மாஸ்டரில் இருக்க வேண்டியவை. வெளி டிஎம்எஸ்ஸில் வரிக் கணக்கைப் போடவைத்து, அதை அப்படியே ஈஆர்பிக்குள் இறக்குவது பெரிய தவறு. டிஎம்எஸ் வரிக்கு முந்தைய தொகையையும் அதன் பிரிவுகளையும் மட்டும் அனுப்பட்டும், வரியை ஈஆர்பி போடட்டும்.

மாதக் கடைசியில் இன்னொரு விஷயம். சரக்கு போய்விட்டது, டிரான்ஸ்போர்ட்டர் பில் அடுத்த மாதம்தான் வரும். அந்த வாடகைக்கு ஒதுக்கீடு போடாவிட்டால் இந்த மாத லாபம் பொய்யாக ஏறும். உள் மாட்யூலில் எதிர்பார்ப்பு பில் ஏற்கெனவே இருப்பதால் ஒதுக்கீடு எளிது. வெளி டிஎம்எஸ் என்றால் வண்டி புறப்பட்ட அன்றே மதிப்பீட்டுத் தொகை ஈஆர்பிக்கு வரும்படி இணைப்பில் கேட்டு வாங்க வேண்டும். பில் வந்த பிறகு அனுப்புவதாகத்தான் பல இணைப்புகள் வடிவமைக்கப்படுகின்றன.

இ-வே பில்லை யார் எடுப்பது

மாநிலங்களுக்கு இடையே 50,000 ரூபாய்க்கு மேலும், தமிழ்நாட்டுக்குள் 1 லட்சத்துக்கு மேலும் சரக்கு போனால் இ-வே பில் வேண்டும். பகுதி ஏ-யில் பில் விவரம், பகுதி பி-யில் வண்டி எண். பகுதி ஏ பிறக்கும் இடம் ஈஆர்பி. இ-இன்வாய்ஸ் எடுக்கும்போதே அதையும் சேர்த்து எடுத்துவிடலாம். பகுதி பி பிறக்கும் இடம் வண்டி கேட்டுக்குள் வரும் நேரம், அது டிஎம்எஸ் ஆளும் இடம். செல்லுபடி நாள் பகுதி பி முதல்முறை பதிவானதிலிருந்துதான் ஓட ஆரம்பிக்கிறது. அதனால் பகுதி ஏ மட்டும் டிரான்ஸ்போர்ட்டர் ஐடியோடு ஈஆர்பியில், பகுதி பி டிஎம்எஸ்ஸில் என்று பிரிப்பது சரியான ஏற்பாடு. இரண்டுக்கும் முழு பில் எடுக்கும் அதிகாரம் கொடுத்தால் ஒரே ஆவண எண்ணுக்கு இரண்டாவது முயற்சி போர்ட்டலில் மறுக்கப்படும். டெஸ்பாட்சில் இருப்பவருக்கு எந்தத் திரையைப் பார்ப்பதென்று தெரியாது, லாரி கேட்டில் நிற்கும்.

செல்லுபடி 200 கி.மீ.க்கோ அதன் பகுதிக்கோ ஒரு நாள். 1,200 கி.மீ. என்றால் 6 நாள், 1,205 என்றால் 7 நாள். முழு லாரிக்கு இது தாராளம். இரண்டு மூன்று ஹப்பில் இறங்கி ஏறும் பார்ட் லோடுக்கு இது இறுக்கம்.

ராத்திரி ஒரு மணிக்கு ஹூப்ளி பக்கத்தில் அச்சு முறிந்து சரக்கு வேறு லாரிக்கு மாறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். புது வண்டி எண்ணைப் பகுதி பி-யில் ஏற்றாமல் நகர்ந்தால், பிடிபட்டால், சரக்கு உரிமையாளர் முன்வந்து கட்டும் அபராதம் வரியைப் போல இரண்டு மடங்கு. செல்லுபடியை நீட்டிப்பதற்கும் காலாவதிக்கு 8 மணி நேரம் முன், 8 மணி நேரம் பின் என்ற ஜன்னல்தான். ஈஆர்பியில் மட்டும் இதைச் செய்ய முடியும் என்றால் லாகின் உள்ள ஒருவரை வீட்டிலிருந்து எழுப்ப வேண்டும். நல்ல வெளி டிஎம்எஸ்ஸில் டிரான்ஸ்போர்ட்டரின் ஆள் ஃபோனிலிருந்தே மாற்றிவிடுவார். காலாவதி ஆகப்போகும் பில்களின் பட்டியலும் முன்கூட்டியே வரும். வெளிமாநிலங்களுக்கு அதிகம் அனுப்புகிற கம்பெனிக்கு இந்த ஒன்றே டிஎம்எஸ் வாங்கப் போதுமான காரணமாக இருக்கக்கூடும். தூத்துக்குடி துறைமுகத்துக்கு மட்டும் அனுப்புகிறவருக்கு அவ்வளவு அவசரம் இல்லை.

டிராக்கிங்கும் பிஓடியும்

சந்தையில் பிடிக்கும் லாரியில் ஜிபிஎஸ் இருந்தாலும் அது உரிமையாளரின் கருவி, யாரோ ஒருவரின் சர்வர். ஈஆர்பி மாட்யூல் அதையெல்லாம் தேடிப் பிடிக்காது. டிஎம்எஸ்காரர்கள் பிடிப்பார்கள். ஜிபிஎஸ் கிடைக்காத வண்டிக்கு டிரைவரின் சிம் வழியாகவும், யூலிப் என்ற அரசுத் தளத்தில் கிடைக்கும் ஃபாஸ்டேக் பதிவு வழியாகவும் இடம் காட்டுவார்கள். சிம் வழிக்கு டிரைவர் எஸ்எம்எஸ்ஸில் சம்மதம் தர வேண்டும். ஃபோன் அணைந்தால் லாரி மறையும். கிராமப்புற டவரில் பல கி.மீ. தள்ளிக் காட்டும். ஃபாஸ்டேக் டோல்கேட்டில் மட்டும்தான் பேசும், மாநிலச் சாலைக்குத் திரும்பிய வண்டி அடுத்த டோல் வரை தெரியாது. டெமோவில் காட்டும் நகரும் நீலப்புள்ளி உங்கள் வழிகளில் எத்தனை சதவீதம் டிரிப்புக்குக் கிடைக்கும் என்பதை இரண்டு வாரம் ஓட்டிப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

டிராக்கிங்கைவிட பிஓடிக்குத்தான் அதிக மதிப்புக் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் தீர்மானமான கருத்து. வாடிக்கையாளர் சீல் வைத்த எல்ஆர் வந்தால்தான் வாடகை பில் பாஸ் ஆகும், வசூலும் அதைக் காட்டித்தான் நடக்கும். ‘2 பெட்டி நசுங்கல்’ என்று எல்ஆர் பின்னால் பேனாவில் எழுதிய குறிப்பு காகிதமாக இருபது நாள் கழித்து வந்தால் அதற்குள் வாடகை முழுதாகப் போயிருக்கும். சாலைவழிச் சரக்குச் சட்டம் 2007-இன்படி இழப்புக்கு வழக்குப் போட வேண்டுமானால், சரக்கை புக் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும். இறங்கிய இடத்திலேயே படம் எடுத்து அனுப்பும் வசதி, அந்தக் குறிப்பைக் கழிவாக மாற்றி பில்லில் பிடிக்கும் வரை போகிறதா என்று பாருங்கள். படம் மட்டும் எங்கோ கிடப்பது பயனில்லை.

இணைப்பு என்ற செலவு

வெளி மென்பொருள் வாங்குபவர் உண்மையில் இரண்டு பொருள் வாங்குகிறார்: மென்பொருள் ஒன்று, இணைப்பு ஒன்று. இரண்டாவதைத்தான் குறைத்து மதிப்பிடுவார்கள். குறைந்தது ஆறு வகைச் செய்தி போய்வர வேண்டும். வாடிக்கையாளர், பொருள், வெண்டர் மாஸ்டர்; அனுப்பத் தயாரான டெலிவரி; திரும்பி வரும் வண்டி எண்ணும் எல்ஆர் எண்ணும்; மதிப்பீட்டு வாடகை; இறங்கிய தேதியும் குறைபாடும்; கடைசியில் ஒப்புக்கொண்ட பில்.

இவை நேராக ஓடும்போது யாருக்கும் சிக்கல் இல்லை. சிக்கல் மாற்றத்தில் வரும். டெலிவரிச் செய்தி டிஎம்எஸ்ஸுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு விற்பனைப் பிரிவு அதன் அளவை 500-லிருந்து 420 ஆகக் குறைக்கிறது. ஈஆர்பி மாறிவிட்டது, டிஎம்எஸ் 500-க்கு வண்டி கூப்பிட்டுவிட்டது. வாடிக்கையாளர் கடன் வரம்பைத் தாண்டியதால் டெலிவரி நிறுத்தப்படுகிறது, லாரி வாசலில் ஹால்டிங்கில் நிற்கிறது. இ-இன்வாய்ஸை 24 மணி நேரத்துக்குள் ரத்துசெய்து புது எண்ணில் போடுகிறார்கள், டிஎம்எஸ்ஸில் பழைய எண்ணே கிடக்கிறது, பில் வரும்போது எதனோடும் பொருந்தவில்லை. வண்டி எண் ஒரு பக்கம் ‘டிஎன் 38’ என்று இடைவெளியோடும் இன்னொரு பக்கம் சேர்த்தும் எழுதப்பட்டால்கூட பொருத்தம் தவறும். ஒரே டிரான்ஸ்போர்ட்டருக்குக் கிளைவாரியாக ஈஆர்பியில் மூன்று வெண்டர் கோட், டிஎம்எஸ்ஸில் ஒன்று. பணம் எந்தக் கோடுக்குப் போகும்?

அதனால் விற்பனையாளரிடம் ‘ஏபிஐ (மென்பொருள்கள் தங்களுக்குள் பேசும் வழி) உண்டா’ என்று கேட்பதில் பயனில்லை, எல்லோரிடமும் உண்டு. டெலிவரி மாறினால் என்ன நடக்கும், ரத்தானால் என்ன நடக்கும், ஒரே செய்தி இரண்டு முறை வந்தால் இரண்டு டிரிப் உருவாகுமா, தோற்றுப்போன செய்திகளை யார், எந்தத் திரையில், எத்தனை மணிக்குப் பார்ப்பார்கள் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு உங்கள் பக்கத்திலேயே ஒரு ஆள் வேண்டும். அவர் இல்லாத கம்பெனிக்கு வெளி டிஎம்எஸ்ஸைப் பரிந்துரைக்க மாட்டோம்.

உள் மாட்யூலுக்கு இந்தத் தலைவலி இல்லை. அதன் தலைவலி வேறு: டிரான்ஸ்போர்ட்டர்களுக்கு ஈஆர்பி லாகின் கொடுக்க முடியாது, கொடுத்தாலும் பயனர் உரிமம் செலவு. அதனால் அவர்கள் தரும் தகவலை உங்கள் ஆட்களே உட்கார்ந்து அடிக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஐம்பது வண்டி என்றால் இரண்டு பேருக்கு அதுவே முழுநேர வேலை.

கட்டண முறையையும் உங்கள் சரக்கின் வடிவத்தோடு பொருத்திப் பாருங்கள். ஒரு டிரிப்புக்கு 80 ரூபாய் என்று கேட்பதாக வைத்துக்கொள்வோம். மாதம் 900 முழு லாரி, சராசரி வாடகை 20,000 என்றால் கட்டணம் 72,000. அது வாடகையில் 0.4%. அதே 80 ரூபாயை ஒவ்வொரு டாக்கெட்டுக்கும் போட்டு, மாதம் 6,000 டாக்கெட், சராசரி 900 ரூபாய் வாடகை என்றால் கட்டணம் 4.8 லட்சம், 54 லட்ச வாடகையில் கிட்டத்தட்ட 9%. பார்ட் லோடு அதிகம் உள்ளவர்கள் ‘டிரிப்’ என்ற சொல்லுக்கு ஒப்பந்தத்தில் என்ன பொருள் என்று பார்க்காமல் கையெழுத்துப் போடக் கூடாது.

யாருக்கு எது

ஒரு நாளைக்குப் பத்து வண்டிக்குள், நிலையான வழிகள், பத்துப் பதினைந்து ஒப்பந்த டிரான்ஸ்போர்ட்டர்கள், எஸ்ஏபியோ டைனமிக்ஸோ ஏற்கெனவே இருக்கிறது என்றால் உள் மாட்யூலோடு நில்லுங்கள். ரேட், எதிர்பார்ப்பு பில், சரிபார்ப்பு ஆகிய மூன்றை மட்டும் அமையுங்கள். ஆப்டிமைசர் பக்கம் போக வேண்டாம்; பத்து வண்டிக்கு டெஸ்பாட்ச் சூப்பர்வைசரின் கண்ணே போதும்.

ஒரு நாளைக்கு நாற்பதுக்கு மேல் வண்டி, பல ஆலைகள், அதில் பாதி அன்றைய சந்தை ரேட்டில் நாமக்கல், சங்ககிரி லாரிகளைப் பிடிப்பது என்றால் வெளி டிஎம்எஸ். இன்டென்ட் (வண்டி கேட்கும் கோரிக்கை) போட்டு, பல பேரிடம் ரேட் வாங்கி, குறைந்தவருக்குக் கொடுத்து, வண்டி வந்ததா என்று பார்க்கும் வேலையை ஈஆர்பி மாட்யூலில் கட்டுவது வீண் உழைப்பு.

இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்கள்தான் அதிகம். அவர்களுக்கு எங்கள் பரிந்துரை பிரித்து வைப்பது: ரேட்டும் பில் சரிபார்ப்பும் ஈஆர்பியில், வண்டி கேட்பதும் டிராக்கிங்கும் பிஓடியும் வெளியில். ஆறு செய்திகள் நான்காகக் குறையும். பணம் தொடர்பான எதுவும் எல்லையைத் தாண்டாது. நாளைக்கு டிஎம்எஸ்காரரை மாற்ற வேண்டி வந்தாலும் ரேட் ஒப்பந்தங்கள் உங்களிடமே இருக்கும். டேலியில் இருப்பவர்களுக்கு மட்டும் இந்தப் பிரிப்பு பொருந்தாது. ரேட்டை வைக்கவே அங்கே இடமில்லை என்பதால் முழுவதும் வெளியில் போய், வரிக்கு முந்தைய தொகையோடு பில் வவுச்சரை மட்டும் டேலிக்குள் கொண்டுவர வேண்டும்.

கையெழுத்துக்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். முதலில் பிரித்தெடுத்த அந்த 200 பில்லில் 50-ஐ விற்பனையாளரிடம் கொடுத்து, பில் தொகையை மறைத்து, ஒப்பந்த ரேட்டை மட்டும் தந்து வாடகை எவ்வளவு என்று அவர் மென்பொருளில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஆலோசகர் உள் மாட்யூலை அமைப்பதாக இருந்தாலும் இதே சோதனைதான். 45-க்கு மேல் சரியாக வந்தால் பேச்சைத் தொடரலாம். தவறியவை ஒவ்வொன்றும் எந்த விதியில் தவறின என்று அவரால் சொல்ல முடிய வேண்டும். ஒப்பந்தத்தில் விலகும் பகுதியையும் இப்போதே எழுதுங்கள்: டிரிப், ரேட், பிஓடி படங்கள் எல்லாம் எந்த வடிவில், எத்தனை நாளில் திருப்பித் தரப்படும் என்று.

மாறும் தேதியை மாதக் கடைசியிலோ மார்ச்சிலோ வைக்க வேண்டாம். பொங்கலுக்கு முன்னும் தீபாவளிக்கு முந்தைய ஒரு மாதமும் லாரி கிடைப்பதே பெரிய பாடு, அப்போதும் வேண்டாம். ஒரு மாதத்தின் பத்தாம் தேதிக்குப் பிறகு வரும் திங்கட்கிழமை நல்லது. போன மாத பில்கள் பெரும்பாலும் முடிந்திருக்கும். அன்று முதல் புதிதாகப் புறப்படும் வண்டி மட்டும் புதிய முறையில் போகட்டும். ஏற்கெனவே சாலையில் இருக்கும் வண்டிகளைப் பழைய எக்செல்லிலேயே பில் வரை முடியுங்கள், பாதியில் மாற்ற வேண்டாம். ஒரு ஆலை, மூன்று டிரான்ஸ்போர்ட்டர், நான்கு வாரம். பழைய எக்செல்லும் புதிய முறையும் காட்டும் வாடகை நான்காவது வாரக் கடைசியில் ரூபாய்க்கு ரூபாய் ஒத்துப்போன பிறகு அடுத்த ஆலைக்குப் போகலாம்.